கர்ணம் கணக்கும் கணிப்பொறிக் கணக்கும்

போளூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூர் செல்லும் சாலையில் சந்தவாசல் என்று ஓர் ஊர் இருக்கிறது. மேற்கே ஜவ்வாது மலை. பக்கத்திலேயே படவேடு; 14ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்கள் இருந்து ஆண்ட இடம். இந்தச் சந்தவாசல் 1989 வரை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டத்துக்குப் போயிற்று. 1997இல் மாவட்டங்களின் பெயரோடு சேர்ந்திருந்த தலைவர், மன்னர் பெயர்கள் எல்லாம் நீக்கப்பட்டன. அன்று முதல் திருவண்ணாமலை மாவட்டம். எட்டே ஆண்டுகளில் மூன்று மாவட்டப் பெயர்கள்! ஊரோ ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

இதில் விஞ்ஞானம் எங்கே வந்தது என்று கேட்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

1988இல் ஓர் உர வியாபார நிறுவனம் தன் வாடிக்கையாளர் கணக்கைக் கணிப்பொறியில் ஏற்றியது என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளருக்கு ஓர் எண் தர வேண்டும். எண்ணைப் பார்த்தவுடன் ஆள் எந்த ஊர் என்று தெரிந்தால் நல்லதுதானே? எனவே முதல் இரண்டு இலக்கம் மாவட்டம், அடுத்த இரண்டு வட்டம், பிறகு வரிசை எண் என்று அமைத்தார்கள். அடுத்த ஆண்டு மாவட்டம் பிரிந்தது. இப்போது சந்தவாசல் வாடிக்கையாளரின் எண்ணை மாற்றினால், அவர் பெயரில் உள்ள பழைய ரசீதுகளும் கடன் பாக்கியும் பழைய எண்ணிலேயே தங்கிவிடும். மாற்றாமல் விட்டால் எண் பொய் சொல்லும். புதிய எண் ஒன்று கூடுதலாகக் கொடுத்தாலோ, ஒரே மனிதர் ஏட்டில் இருவராகிவிடுவார். ஒருவர் கடன்காரர், மற்றவர் கடனில்லாதவர். தட்டச்சு செய்தவர் இதில் ஒரு தவறும் செய்யவில்லை. மாறக்கூடிய செய்தியை, மாறக் கூடாத எண்ணுக்குள் புகுத்தியவர் செய்த தவறு அது.

தரவுத்தளம் என்று இன்று சொல்லப்படும் ஒழுங்குபடுத்திய விவரக் களஞ்சியங்களில் காணும் பிழைகளில் பெரும்பகுதி இந்த வகைதான். இவை கணிப்பொறியோடு பிறந்தவை என்று எண்ணிவிடாதீர்கள். நம் கிராமக் கணக்குகளில் இவற்றின் மூதாதையர் நெடுங்காலமாக வாழ்ந்து வந்திருக்கிறார்கள்.

ஒரே நிலம், இரண்டு ஏடுகள்

சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி முறைக்கென நிலங்கள் அளக்கப்பட்டு, வயலுக்கு வயல் எண் இடப்பட்டது. அதுவே சர்வே எண், அதாவது புல எண். ஒவ்வொரு கிராமத்துக்கும் 'அ' பதிவேடு என்று ஒன்று உண்டு. அதில் புல எண் வாரியாக, இந்த வயல் நஞ்சையா புஞ்சையா, பரப்பு எவ்வளவு, தீர்வை எவ்வளவு, பட்டாதாரர் யார் என்று இருக்கும். சிட்டா என்ற மற்றோர் ஏடு ஆள் வாரியானது. இன்ன பட்டா எண், இன்னார் பெயர், அவருக்குரிய புல எண்கள், பரப்பு, தீர்வை என்று அது செல்லும். அடங்கலில் ஆண்டுதோறும் விளைந்த பயிர் எழுதப்படும்.

இப்போது கவனியுங்கள். முருகன் என்பவர் தம் 45ஆம் எண் வயலை விற்கிறார். 'அ' பதிவேட்டில் ஒரு வரி மாற வேண்டும். சிட்டாவில் முருகன் பக்கத்தில் ஒரு வரி அடிபட வேண்டும். வாங்கியவர் பக்கத்தில் ஒரு வரி ஏற வேண்டும். இரு பக்கத்துக் கூட்டுத்தொகைகளும் மாற வேண்டும். ஒரே உண்மை, ஐந்து இடத்தில் திருத்தம். நான்கு இடத்தில் திருத்தி ஐந்தாவதை மறந்தால், இரண்டு ஏடுகளும் இரண்டு கதை சொல்லும். எது மெய் என்று ஏட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

காகிதக் காலத்தில் இதைத் தவிர்க்கவும் வழியில்லை. வயலைக் கொண்டு ஆளைத் தேட ஓர் ஏடு வேண்டும். ஆளைக் கொண்டு வயலைத் தேட இன்னோர் ஏடு வேண்டும். ஆகவே முன்னோர்கள் ஒரு பரிகாரம் வைத்திருந்தார்கள். பசலி ஆண்டு முடியும் தறுவாயில் கிராமக் கணக்குகளையெல்லாம் வட்டத் தலைநகருக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்ப்பதே அது. ஜமாபந்தி என்ற பெயரில் இன்றும் அது நடைபெறுகிறது. நான் அறிந்தவரை, தரவுச் சரிபார்ப்புக்கென ஆண்டுக்கொரு திருவிழா நடத்தும் ஊர்கள் அதிகமில்லை.

ஏட்டில் இல்லாத ஏடு

ஜமாபந்தியைவிடப் பெரிய சரிபார்ப்பு ஒன்று கிராமத்திலேயே உட்கார்ந்திருந்தது. அவர்தான் கர்ணம். தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைப் பார்த்தவர். ஏட்டில் 'கோவிந்தன்' என்று மூன்று பேர் இருந்தாலும், கிணற்று மேட்டுக் கோவிந்தன் யார், தெற்குத் தெருக் கோவிந்தன் யார் என்பது அவர் மனத்தில் இருந்தது. அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகமும் அவருக்குத் தெரியும். இந்த அறிவை வைத்துக்கொண்டு சிலர் ஊரை ஆட்டிப் படைத்ததும் உண்டு. பரம்பரைப் பதவியின் அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை.

1979ஆம் ஆண்டில் தமிழக அரசு நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. மக்கள் வாயில் அது யு.டி.ஆர். இறந்தவர் பெயரிலும், விற்றுச் சென்றவர் பெயரிலும் கிடந்த பட்டாக்களை, கிராமம் கிராமமாக விசாரித்து நடப்புக்குக் கொண்டுவருவதே நோக்கம். 1987 வரை அது நடந்தது. இந்தத் திட்டம் நடந்துகொண்டிருந்த வேளையில்தான், 1980 நவம்பரில், ஓர் அவசரச் சட்டத்தால் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் ஒழிக்கப்பட்டன. 1982இல் உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது. கிராம நிர்வாக அலுவலர் என்ற புதிய பதவி வந்தது. தகுதியுள்ள பழையவர்கள் சிலர் அதில் மீண்டும் சேர்ந்தாலும், பல ஊர்களில் கணக்கு ஒரு கையிலிருந்து முன்பின் அறியாத மற்றொரு கைக்குப் போயிற்று.

பதவி ஒழிப்பு சமூக நீதியில் சரியான செயல் என்றே நான் கருதுகிறேன். ஆனால் பதிவேடுகள் புதுப்பிக்கப்படும் அதே ஆண்டுகளில், பதிவேட்டில் எழுதாத பாதியை மனத்தில் வைத்திருந்தவர்கள் வெளியேறினார்கள் என்பதும் உண்மை. புதிய ஏட்டில் பெயர் மாறி விழுந்தவர்களும், உட்பிரிவு தவறியவர்களும் உண்டு. 'யு.டி.ஆர். பிழை' என்றே தமிழில் ஒரு சொற்றொடர் உண்டாகிவிட்டது. அந்தப் பிழைகளைத் திருத்தக் கோரும் மனுக்கள் நாற்பது ஆண்டு கழிந்தும் வந்துகொண்டிருக்கின்றன.

சான் ஹோசேயிலிருந்து ஒரு விடை

நம் ஊரில் பதிவேடுகள் இந்தப் பாடு படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, உலகின் மறுகோடியில் இதே சிக்கலை ஒருவர் கணிதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்கர் காட் என்பது அவர் பெயர். இங்கிலாந்தில் பிறந்தவர், அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணி.

அன்றைய பெரிய தரவுத்தளங்கள் மரம் போல் கிளைத்தவை. சந்திரனுக்கு மனிதரை ஏற்றிச் சென்ற சாட்டர்ன் ராக்கெட்டின் எண்ணற்ற உதிரிப் பாகங்களைக் கணக்கு வைக்க, ஐ.பி.எம். 1966இல் தொடங்கி உருவாக்கிய அமைப்பு அத்தகையதே. எந்திரம், அதன் கீழ் பகுதி, அதன் கீழ் உறுப்பு, அதன் கீழ் திருகாணி என்று அது இறங்கிச் செல்லும். எளிய மர அமைப்பில் ஒரே திருகாணி இருபது பகுதிகளில் வந்தால் அதன் விவரம் இருபது இடத்தில் ஏறும். நம் முருகன் வயல்தான் மீண்டும்.

1970 ஜூனில் காட் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இது: செய்திகளை எளிய அட்டவணைகளாக வையுங்கள், எதை எந்த வழியில் தேடுவது என்பது இயந்திரத்தின் பொறுப்பாகட்டும். அதாவது ஆள் வாரியாக ஓர் ஏடு, வயல் வாரியாக ஓர் ஏடு என்று இரண்டு வேண்டாம். வயல்களுக்கு ஓர் அட்டவணை. ஆட்களுக்கு ஓர் அட்டவணை. இன்ன வயல் இன்ன ஆளுக்கு என்று இணைக்கும் அட்டவணை ஒன்று. சிட்டா வேண்டுமா? கேட்கும்போது இயந்திரம் அதைத் தொகுத்துத் தரும். எழுதி வைக்கப்படாத சிட்டாவுக்கு 'அ' பதிவேட்டோடு முரண்பட வாய்ப்பே இல்லை! 1981இல் அவருக்கு டூரிங் பரிசு கிடைத்தது.

கட்டத்துக்குள் அடங்காதவை

நில ஆவணங்களைக் கணிப்பொறியில் ஏற்றும் மத்திய அரசுத் திட்டம் 1988-89இல் சோதனை முறையில் ஆரம்பமாயிற்று. தமிழகத்தின் ஏடுகளும் காலப்போக்கில் ஏறின. இன்று 'தமிழ் நிலம்' என்ற மென்பொருளில் இருக்கின்றன. காட் சொன்னபடி அட்டவணை அமைத்தாலும், கட்டத்துக்குள் என்ன எழுதுவது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஏக்கரும் சென்டும் போய் ஹெக்டேரும் ஏரும் வந்தன. 100 ஏர் ஒரு ஹெக்டேர். ஓர் ஏர் ஏறத்தாழ இரண்டரை சென்ட். ஏட்டில் ஹெக்டேருக்கு ஒரு பத்தி, ஏருக்கு ஒரு பத்தி. 4 ஏர் நிலத்தை '0 - 4' என்று எழுதியிருப்பார்கள். இரண்டு பத்தியையும் ஒரே கட்டமாக்கி 0.4 என்று தட்டினால் அது 40 ஏர். பத்து சென்ட் மனை ஒரு ஏக்கர் நிலமாகிவிட்டது! எதிர்த்திசையில் தவறினால் ஒரு ஏக்கர்க்காரர் பத்து சென்ட்காரர் ஆவார். உட்பிரிவு எண்ணிலும் இந்த வம்பு உண்டு. 3/2 என்று தட்டினால் சில கணக்குத்தாள் மென்பொருள்கள் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டு மாதமும் நாளுமாக மாற்றிவிடும்.

பெயரோ இன்னும் பெரிய தலைவலி. வெளிநாட்டார் வகுத்த வணிக மென்பொருள்களில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள். இரண்டாவதை நிரப்பாமல் விட்டால் பல மென்பொருள்கள் ஏற்பதில்லை. நமக்குக் குடும்பப்பெயர் ஏது? ஓர் எழுத்தர் தந்தை பெயரை அதில் இடுவார். மற்றவர் முன்னெழுத்தை மட்டும் இடுவார். வேறொருவர் ஒரு புள்ளியை வைத்துத் தப்பித்துக்கொள்வார். சந்தவாசலையே ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவிலுள்ள தகரத்தைச் சிலர் ஓரெழுத்தாலும் சிலர் ஈரெழுத்தாலும் எழுதுகிறார்கள். இயந்திரத்துக்கு அவை இரண்டு ஊர்.

கட்டங்கள் சரியாக இருந்தும் இணைப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020 காட்டிற்று. நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. பயனாளியின் வங்கிக் கணக்கு தெளிவாகப் பதிவாயிற்று. நிலப் பதிவேட்டோடு அந்தப் பெயரை ஒப்பிடும் கட்டாயம் மட்டும் இல்லை. 2020 ஆகஸ்டில், தமிழகத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டிருப்பதும், சுமார் 110 கோடி ரூபாய் அவர்கள் கணக்குகளுக்குப் போயிருப்பதும் தெரியவந்தது. திருவண்ணாமலை உள்ளிட்ட பல மாவட்டங்களில் விசாரணை நடந்தது. மோசடிக்காரர்கள் பூட்டை உடைக்கவில்லை. பூட்டே அங்கு இல்லை.

பின்னர் நிலப் பதிவேட்டோடு இணைப்பது கட்டாயமாயிற்று. உடனே மறுபக்கம் வெளிப்பட்டது. பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும் மெய்யான உழவருக்கு இணைக்க ஒன்றுமில்லை. வயலில் நிற்பவர் அவர்; ஏட்டில் நிற்பவர் காலமானவர்.

உங்கள் வீட்டுப் பட்டா எங்கேனும் பெட்டியில் இருக்கும். அதை எடுத்து, இணையத்தில் கிடைக்கும் 'அ' பதிவேட்டு நகலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர், முன்னெழுத்து, உட்பிரிவு மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பரப்பிலுள்ள ஏர்களை 2.47ஆல் பெருக்கினால் சென்ட் கணக்கு வரும். தாத்தா சொன்ன கணக்கோடு அது ஒத்துப்போகிறதா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஒத்துப்போகாவிட்டால் அடுத்த ஜமாபந்தி எப்போது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்வார்கள்.