ஒலித்தொடர் எதிர்பார்ப்பு: இலக்கண விதியும் செவியின் கணக்கும்

1. முன்னுரை

எழுத்தில் சொற்களுக்கிடையே காணப்படும் இடைவெளி பேச்சில் இல்லை. அடுத்து வரும் ஒலி எதுவாக இருக்கும் என்று எதிர்பார்த்தே கேட்போர் பெரும்பாலும் சொற்களைப் பிரித்தறிகின்றனர். இவ்வெதிர்பார்ப்பு முதலில் இலக்கண விதியாகவும், பின்னர் எண்ணிக்கையாகவும், அதன்பின் மூளையின் செயலாகவும் ஆராயப்பட்டது. மொழித் தரவும் கேட்டல் ஆய்வும் ஒரே நகரில் அமைந்துள்ள மைசூரில் இம்மூன்றையும் இணைத்து நோக்க வாய்ப்புள்ளது.

2. விதி

எந்த மெய்யை எந்த மெய் தொடரும் என்பதைத் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் நூன்மரபும், சொல்லின் முதலிலும் இறுதியிலும் வரும் எழுத்துகள் எவை என்பதை மொழிமரபும் வரையறுக்கின்றன. இவை எதிர்பார்ப்பின் விதிகளே எனலாம். ஙகர மெய்யை அடுத்துப் பெரும்பாலும் ககரமே வரும். னகர மெய்யை அடுத்தோ ‘கன்று’, ‘அன்பு’, ‘நன்கு’ எனப் பல வல்லெழுத்துகள் வரும். டகரமும் ரகரமும் மொழிக்கு முதலில் வாரா. எனவே அவ்வொலிகள் கேட்குமிடத்தில் புதிய சொல் தொடங்கவில்லை என்று கொள்ளலாம். எனினும், விதி ‘வரும்’, ‘வாராது’ என்று மட்டுமே கூறும். எத்துணை முறை வரும் என்று கூறுவதில்லை.

3. எண்ணிக்கை

1951-இல் கிளாட் ஷானன், அச்சிட்ட ஆங்கிலத்தில் அடுத்த எழுத்தை எந்த அளவிற்கு ஊகிக்க இயலும் என்பதைக் கணக்கிட்டார். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, தமிழ் உரைநடையின் என்ட்ரபியைக் கணக்கிட்டு 1963-இல் வெளியிட்டார். என்ட்ரபி என்பது அடுத்த எழுத்தைப் பற்றிய ஐயத்தின் அளவாகும்.

மைசூரில் 1969-இல் நிறுவப்பெற்ற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், 1972-இல் தமிழ் ஒலியியல் வாசகத்தை வெளியிட்டது. 1990களில் அங்குத் திரட்டப்பட்ட தமிழ்த் தரவகம் ஏறத்தாழ 30 இலட்சம் சொற்களைக் கொண்டது. ஆயின், அத்தரவகம் எழுத்துத் தமிழின் தொகுப்பாகும்.

4. மூளை

ஜென்னி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் ஆகியோர் 1996-இல் எட்டு மாதக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினர். பொருளற்ற நான்கு மூவசைச் சொற்கள், இடைவெளியோ அழுத்தமோ இன்றி இரண்டு நிமிடங்கள் ஒலிக்கப்பட்டன. சொல்லுக்குள் ஓர் அசையை அடுத்த அசை தவறாமல் தொடர்ந்தது. சொல் எல்லையிலோ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பே இருந்தது. இவ்வேறுபாடு ஒன்றைக்கொண்டே குழந்தைகள் சொற்களைப் பிற அசைத்தொடர்களினின்றும் வேறுபடுத்தினர்.

ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும்போது வேறோர் ஒலி குறுக்கிட்டால், கேட்பவர் கவனம் செலுத்தாத நிலையிலும் மூளையில் தனி மின் எதிர்வினை தோன்றுவதைப் பின்லாந்து அறிஞர் ரிஸ்டோ நேட்டனனும் உடனாய்வாளரும் 1978-இல் எடுத்துக்காட்டினர். எஸ்தோனிய மொழியில் மட்டும் உள்ள ஓர் உயிரொலிக்கு பின்னிஷ் மொழியினரிடம் இவ்வெதிர்வினை குறைந்திருந்ததை 1997-இல் அவர் குழுவினர் கண்டனர். ஆகவே, மூளையின் எதிர்பார்ப்பு, கேட்டுப் பழகிய மொழியைப் பொறுத்ததாகும்.

5. தமிழ்ச் சிக்கல்

தமிழ்க் குழந்தை முதலில் கேட்பது பேச்சுத் தமிழையே. அதில் ‘இரண்டு’ என்பது ‘ரெண்டு’ எனவும், ‘நிரம்ப’ என்பது ‘ரொம்ப’ எனவும் வழங்கும். ‘டீ’, ‘லாரி’ ஆகியன அன்றாடச் சொற்கள். எனவே மொழிமுதல் ரகரமும் டகரமும் லகரமும் அக்குழந்தைக்கு விலக்கல்ல. ‘மரம்’ என்பதன் இறுதி மகரம் பேச்சில் மூக்கொலி பெற்ற உயிராக முடிகிறது. ‘மரமும்’ என்னும்போது மகரம் மீள்கிறது. எழுத்துத் தமிழை மட்டும் எண்ணுவோர்க்கு இம்மாற்றம் தென்படாது.

6. முடிவுரை

இது கோட்பாட்டளவில் நின்றுவிடும் சிக்கலன்று. மைசூரிலுள்ள அனைத்திந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் போன்ற இடங்களுக்கு வரும் செவித்திறன் குறைந்த குழந்தைகள், பிற குழந்தைகள் முதலாண்டிலேயே செய்துமுடிக்கும் இக்கணக்கைத் தாமதமாகத் தொடங்குகின்றனர். அவர்தம் பயிற்சிச் சொற்கள் எழுத்துத் தமிழிலிருந்தே தெரிந்தெடுக்கப்படின், வீட்டில் கேட்கும் ஒலித்தொடர்கள் அவர்களுக்கு அயலாகவே நிற்கும். உரையாடலை மொழிபெயர்ப்போரும் செவிக்குரிய தொடரமைப்பைக் கருதவேண்டியவரே. தொல்காப்பியம் தன் காலத் தமிழுக்கு வகுத்ததைப் போன்ற வரையறையை இன்றைய பேச்சுத் தமிழுக்கும் வகுக்க, வீட்டுப் பேச்சை அவ்வாறே பதிந்து எண்ணுதல் முதற்பணியாகும்.