டாப் ஸ்டேஷன்ல ஏது ஸ்டேஷன்?

மூணாறுக்குப் போகிறவர்கள் மாட்டுப்பெட்டி அணை, குண்டளை ஏரி எல்லாம் பார்த்துவிட்டு கடைசியாகப் போய் நிற்கிற இடம் டாப் ஸ்டேஷன். மூணாறிலிருந்து 32 கிலோமீட்டர். ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரம். கிழக்கே பார்த்தால் தரை சடாரென்று கீழே இறங்கி, தேனி மாவட்டம் காலடியில் விரிந்து கிடக்கும். போட்டோ எடுப்பார்கள், அவித்த சோளம் சாப்பிடுவார்கள், திரும்பிவிடுவார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் திரும்பினேன். வண்டியில் வரும்போதுதான் தோன்றியது: ஸ்டேஷன்னு பேர் வெச்சிருக்காங்களே, ஏது ஸ்டேஷன்?

இரண்டாவது தடவை கீழேயிருந்து, குரங்கணியில் தொடங்கி நடந்து ஏறினேன். பன்னிரண்டு கிலோமீட்டர் போல வரும். பாதி வழியில் ஒரு சின்னக் குடியிருப்பு. பேர் கேட்டால் 'சென்ட்ரல்' என்கிறார்கள். அடிவாரத்தில் கொட்டகுடிப் பக்கம் இருந்ததற்கு 'பாட்டம் ஸ்டேஷன்' என்று பெயர். டாப், சென்ட்ரல், பாட்டம். மூன்றும் ஒரே கம்பியில் கோத்த பெயர்கள். அந்தக் கம்பி நிஜமாகவே இருந்தது.

1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். சின்கோனா, காப்பி என்று எதையெதையோ போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் நிலைத்தது தேயிலை. 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானபோது தோட்டம் போடுவது பெரிய சிக்கலாக இல்லை. விளைந்ததை எப்படி வெளியே கொண்டுபோவது என்பதுதான் சிக்கல். மேற்கே கொச்சிப் பக்கம் முழுக்கக் காடு, ஆறு, யானை. கிழக்கே செங்குத்துப் பள்ளம்தான். ஆனால் அந்தப் பள்ளத்துக்குக் கீழே போடிநாயக்கனூர் இருந்தது. ஊர், சந்தை, வண்டிமாடு, கூலிக்கு ஆள் எல்லாம் இருந்தது. இன்றைக்கு மூணாறு என்றால் கேரளா, கொச்சி என்று நினைக்கிறோம். அதன் முதல் வாசல் போடிப் பக்கம்தான் திறந்திருந்தது. நம் ஆட்களே இதை மறந்துவிட்டார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அந்த வாசலும் தோட்டக்காரர்கள் கண்டுபிடித்தது கிடையாது. மலையில் முதுவர்கள் இருந்தார்கள். மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்துகொண்டு மலையேறியவர்கள் நாங்கள், அதனால்தான் இந்தப் பெயர் என்று அவர்களே சொல்லும் கதை ஒன்று உண்டு. கதையை வரலாறாக எடுக்க வேண்டாம். ஆனால் சமவெளிக்கும் மலைக்கும் நடுவே நடந்து பழகிய ஒரு சனத்தின் ஞாபகம் அதில் இருக்கிறது. வெள்ளைக்காரர்களுக்கு மலைக்குள் வழிகாட்டியவர்கள் அவர்கள்தான். குரங்கணிக்கு மேலே முதுவாக்குடி என்று ஊரே இருக்கிறது.

முதலில் எல்லாமே தலைச்சுமையும் பொதிமாடும்தான். பிறகு 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். கேட்கவே விசித்திரமாக இருக்கும். வண்டியின் பாரம் பெரும்பாலும் ஒரே தண்டவாளத்தின் மேல். சாய்ந்துவிடாமல் இருக்கப் பக்கத்தில் பெரிய சக்கரம் ஒன்று, அது வெறும் தரையில் உருளும். இழுப்பது மாடு. ஆமாம், இந்தியாவில் ஒரு மோனோரெயிலை மாடு இழுத்திருக்கிறது! 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலக் குறும்பாதை போட்டு நீராவி இன்ஜினை ஓட்டினார்கள். மாட்டுப்பெட்டி, பாலாறு வழியாக டாப் ஸ்டேஷன். இதுதான் குண்டளை பள்ளத்தாக்கு ரயில்.

அதற்கு மேல் ரயில் இறங்க முடியாது. அங்கிருந்து ரோப்வே. தேயிலைப் பெட்டி கம்பியில் தொங்கிக்கொண்டு சுமார் ஐந்து கிலோமீட்டர் கீழே இறங்கிக் கொட்டகுடிக்கு வரும். அங்கே மாட்டுவண்டியில் ஏற்றிப் போடிக்குப் பதினைந்து கிலோமீட்டர். போடிக்கு ரயில் வந்ததே 1928-ல்தான். அதுவரை மெயின் லைனைப் பிடிக்க அம்மையநாயக்கனூர், அதாவது இப்போதைய கொடைக்கானல் ரோடு வரைக்கும் வண்டி போயாக வேண்டும். அப்புறம் தூத்துக்குடி, அங்கிருந்து கப்பல். லண்டனில் யாரோ குடித்த ஒரு கோப்பை டீ ரயில், கம்பி, மாடு, மறுபடி ரயில், கப்பல் என்று இத்தனை கை மாறிப் போயிருக்கிறது.

கம்பியில் போனது பெட்டி. மனிதர்கள் நடந்தார்கள். கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு பாத்திரம், பாய், பிள்ளைகுட்டியோடு பாண்டி நாட்டுச் சீமையிலிருந்து தோட்டத்துக்குப் போன குடும்பங்கள் பல ஏறிய மலை இது. மேலே போனால் லயத்து வீடு, குளிர், அட்டை, காய்ச்சல். எங்கள் அப்பத்தா இந்தப் பாதையைப் பற்றிப் பேசும்போது 'மேல போறது', 'கீழ வாறது' என்றுதான் சொல்லும். மேலே கட்டிக்கொடுத்த நாத்தனாருக்குச் சும்மாடு கூட்டி அரிசி கொண்டுபோன கதை. நான் ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிய ஷூவைப் போட்டுக்கொண்டு இதே பாதையில் நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

1924 ஜூலையில் பெரு வெள்ளம். கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் இன்றைக்கும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்கிறார்கள். மண் சரிந்து, தண்டவாளம், பாலம் எல்லாம் போயிற்று. கம்பெனி ரயிலை மறுபடி கட்டவில்லை. காலப்போக்கில் கொச்சிப் பக்கம் தார் ரோடு, இந்தப் பக்கம் போடிமெட்டு ரோடு என்று வந்து சரக்கெல்லாம் லாரிக்கு மாறியது. ரோப்வேயில் மிச்சமிருப்பது மேலே சில இடிபாடுகளும் இந்த மூன்று பெயர்களும்தான்.

பாதை மட்டும் சாகவில்லை. ஏனென்றால் அதற்குத் தேவை இருந்தது. சென்ட்ரல், முதுவாக்குடி போன்ற ஊர்களுக்குப் பேங்க், ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் எல்லாமே போடியில். டாப் ஸ்டேஷனிலிருந்து மூணாறு, போடிமெட்டு என்று ரோட்டில் சுற்றி வந்தால் நூறு கிலோமீட்டர். நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருவது இங்கே பழங்கதை கிடையாது.

அப்புறம்தான் நம்மைப் போன்றவர்கள் வந்தோம். 2000-க்குப் பிறகு சென்னை, கோவை, திருப்பூரிலிருந்து வாரக் கடைசியில் கூட்டம் கூட்டமாக. குரங்கணி என்ற பெயர் டிரெக்கிங் குழுக்களில் பிரபலமானது.

2018 மார்ச் 11. கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். விமானப்படை ஹெலிகாப்டர் வந்தது. ஆனால் இரவு முழுக்கக் காயம்பட்டவர்களைத் தேடித் தூக்கி வந்ததில் பெரும்பங்கு உள்ளூர்க்காரர்களுக்கு. அனுமதி கொடுத்தது குரங்கணி–டாப் ஸ்டேஷன் பாதைக்கு, போனது வேறு பாதை என்று வனத்துறை அப்போது சொன்னது. யார் மேல் தப்பு என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. அரசு விசாரணையே நடந்தது.

எனக்கு உறுத்துவது வேறு. அந்தச் சரிவுகளில் ஆள் உயரத்துக்குப் புல். மாசி, பங்குனியில் காய்ந்து சருகாக நிற்கும். தீ சமதளத்தைவிடச் சரிவில் மேல்நோக்கி வேகமாக ஏறும், ஏனென்றால் கீழே எரியும் சூடு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். மேலே ஓடுகிறவர் தீக்கு முன்னால் ஓடுகிறார். சுமை தூக்கிப் பிழைத்தவர்கள் அடித்தடம் பதிந்த பாதையை விட்டு இறங்க மாட்டார்கள், அதுதான் அவர்கள் பிழைப்பு. நமக்கு அதே மலை ஒரு காட்சி. எந்தப் பக்கம் அழகாக இருக்கிறதோ அந்தப் பக்கம் போகத் தோன்றும். நான் போனதும் ஒரு மார்ச் மாதத்தில்தான். எந்த மாதம் போகக்கூடாது என்று யாரையும் கேட்கத் தோன்றவே இல்லை.

அந்த விபத்துக்குப் பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலைப்பாதைகளைப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு திறந்தபோது குரங்கணியில் தொடங்கும் பாதை ஒன்றும் பட்டியலில் இருந்தது. வழிகாட்டிகளில் மலைக்கிராமத்துக்காரர்களும் இருக்கிறார்கள். ஆன்லைனில் பதிவு செய்துதான் போக வேண்டும்.

நடக்க முடியாதவர்கள் டாப் ஸ்டேஷனுக்காவது காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் மஞ்சு ஏறி ஒன்றும் தெரியாது. சோளக்கடைகளைத் தாண்டி விளிம்பில் நின்று கிழக்கே கீழே பாருங்கள். மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஒரு மண்கோடு இறங்கும். அதுதான்.