இடியை எதிர்த்த சாத்தான்

"பலத்துக்குப் பலம்தான்!" என்றானாம் சாத்தான், சொல்லிவிட்டு, இடி முழங்கிய பக்கம் பின்புறத்தைக் காட்டி வெளிக்குப் போனானாம்.

சுவீடன் நாட்டுப்புறத்துச் சொலவடை இது. வேறு வேறு சொற்களிலும் வழங்குகிறது. முதலில் ஒரு பேச்சு, அடுத்து பேசியவர் யார், கடைசியில் அவர் செய்த காரியம். இந்த வடிவத்தை அங்கே 'ஊர்ட்ஸ்டேவ்' என்பார்கள். விவசாயியும் கிழவியும் சாத்தானும் இதில் அடிக்கடி வாய் திறப்பவர்கள். பேச்சில் வீறாப்பு இருக்கும். காரியத்தில் மானம் போகும்.

சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் சாத்தானுக்கு எதிராளியாக இடி எப்படி வந்தது?

கிறித்தவத்துக்கு முந்தைய சுவீடனில் இடி என்பது தோர் கடவுளின் தேரோட்டம். 1070களில் எழுதிய பிரேமன் நகரத்து ஆடம், உப்சாலா கோயிலில் மூன்று தெய்வங்களில் நடுநாயகமாகத் தோர் வீற்றிருந்ததாகச் சொல்கிறார். இடி, மின்னல், காற்று, மழை, விளைச்சல் எல்லாம் அவர் பொறுப்பு. சம்மட்டி ஏந்திய அவருக்கு ராட்சதர்கள்தான் பரம்பரைப் பகை.

தேவாலயங்கள் எழுந்தபின் தோரை வணங்க ஆளில்லை. ஆனால் இடி பூதங்களை வேட்டையாடுகிறது என்ற நம்பிக்கை கிராமங்களை விட்டுப் போகவில்லை. இடி இடிக்கும்போது 'ட்ரோல்' பூதங்கள் நூல்கண்டாக உருமாறி, ஒளிய இடம் தேடி மனிதர் காலடிக்கு உருண்டு வருமாம். உழும்போது கிடைத்த கற்காலக் கோடரிகளை, வானிலிருந்து விழுந்த இடிக்கல் என்று வீட்டில் பத்திரப்படுத்தினார்கள்; அது இருக்கும் வீட்டில் மின்னல் இறங்காது என்பது நம்பிக்கை. 1738இல் லுண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிலியன் ஸ்டொபேயுஸ் இந்தக் கற்களைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வே எழுதினார்.

ராட்சதரும் பூதமும் நின்ற இடத்தில்தான் பிற்பாடு சாத்தான் வந்து நின்றான் என்பது என் கணிப்பு. பாதிரியார் பிரசங்கத்தில் நரகத்தை ஆள்கிற சாத்தான் இல்லை இவன். குடியானவனிடம் பந்தயம் கட்டித் தோற்கிற, நாட்டுப்புறக் கதைகளின் அசட்டுச் சாத்தான். இடி தன்னைத் துரத்துகிறது என்று அவனுக்குத் தெரியும். பூதங்களைப் போல ஓடி ஒளியவும் மனமில்லை, தோரைப் போலக் கையில் சம்மட்டியும் இல்லை. உடம்பில் இருந்ததை வைத்துச் சண்டைக்கு நின்றான்.