முட்டம் கருமணலும் நிலாவின் வெள்ளைப் பாறையும்

1/ முட்டம் கடற்கரைக்குப் போனவங்களுக்குத் தெரியும், அலை இறங்கின பிறகு மணல்ல கருப்பு வரி வரியா நிக்கும். இல்மனைட், மோனசைட் மாதிரி கனமான தாதுக்கள் அது. லேசான மணலை அலை இழுத்துட்டுப் போயிடும், கனமானது தங்கிடும். நிலா பிறந்த கதைக்கான துப்பும் இந்த கனம்-லேசு பிரிவினையிலதான் கிடைச்சது. சின்ன த்ரெட்.

2/ 1870-களின் கடைசியில சார்லஸ் டார்வினோட மகன் ஜார்ஜ் டார்வின் சொன்னார்: வேகமா சுத்தின இளம் பூமியிலிருந்து பிய்ஞ்சு போன துண்டுதான் நிலா. இல்ல, எங்கேயோ பிறந்து பூமியோட ஈர்ப்புல மாட்டிக்கிச்சுன்னு ஒரு கட்சி. பூமிகூடவே பிறந்ததுன்னு இன்னொரு கட்சி. கையில கல் இல்லாததால சண்டை தீரல.

3/ கல் வந்தது 1969 ஜூலையில. அப்போலோ 11 இறங்கினது ஒரு கருஞ்சமவெளி. அங்க எடுத்த எரிமலைப் பாறைகள்ல இல்மனைட் ஏராளம். ஆமா, முட்டத்துக்குப் பக்கத்துல மணவாளக்குறிச்சி ஆலையில பிரிச்செடுக்கிற அதே தாது! ஆனா ஜான் வுட் குழு உத்துப் பார்த்தது, மண்ணுல கலந்திருந்த பொடிப்பொடி வெள்ளைத் துணுக்குகளை. அனார்த்தோசைட்.

4/ கருப்பு நிலத்துல வெள்ளைக்கு என்ன வேலை? தூரத்து மேட்டு நிலத்துல விண்கல் மோதி, சிதறி வந்து விழுந்ததுன்னு 1970-ல் விளக்கினாங்க. அப்போ நிலாவோட வெளுத்த மேடெல்லாம் இந்தப் பாறைதான். இவ்வளவு லேசான பாறை மேல சேரணும்னா, நிலா ஒரு காலத்துல உருகின குழம்பா இருந்திருக்கணும். ரத்தத்தை டியூப்ல நிறுத்தி வெச்சா சிவப்பணு அடியில தங்கி, பிளாஸ்மா மேல நிக்குமே, அந்த மாதிரி. இதுதான் 'மாக்மா கடல்'.

5/ உருக்குற அளவு சூடு எங்கிருந்து? 1975-ல் ஹார்ட்மன், டேவிஸ்: பூமி மேல ஒரு பெரிய பொருள் மோதி, சிதறினது திரண்டு நிலா ஆச்சு. சுமார் 450 கோடி வருஷம் முன்னாடி.

6/ ஆனா ஒரு சிக்கல். அப்போலோ, லூனா கற்கள் எல்லாமே நிலநடுக்கோட்டை ஒட்டின பகுதியில எடுத்தது. ஒரே இடத்து பயாப்ஸியை வெச்சு உடம்பு முழுக்க இதுதான்னு எந்த டாக்டரும் எழுத மாட்டார். தென்துருவப் பக்கம் இறங்கிப் பார்க்கணும்.

7/ அங்கதான் நம்ம ஊர் வருது. தரையிறங்கிப் பழக நிலா மண் வேணுமே? நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலை அனார்த்தோசைட்டை அரைச்சு இஸ்ரோ பயன்படுத்துச்சு. 2019-ல் சந்திரயான்-2 லேண்டர் விழுந்துச்சு. அப்போ இஸ்ரோ தலைவர் நம்ம சரக்கல்விளை கே. சிவன். 2023 ஆகஸ்ட் 23, விழுப்புரம் வீரமுத்துவேல் திட்ட இயக்குநரா இருந்த சந்திரயான்-3 இறங்கிடுச்சு.

8/ பிரக்யான் 103 மீட்டர் ஓடி 23 இடத்துல மண்ணை அளந்துச்சு. 2024 ஆகஸ்ட்ல அகமதாபாத் பி.ஆர்.எல். விஞ்ஞானிகள் 'நேச்சர்' இதழ்ல முடிவை வெளியிட்டாங்க: அங்கேயும் இரும்பு கலந்த அனார்த்தோசைட் வகைதான். மாக்மா கடல் கருத்துக்கு தெற்கிலிருந்தும் சாட்சி கிடைச்சாச்சு.

9/ ஆனா மோதல் எப்படி நடந்துச்சுங்கிறது இன்னும் தீரல. மோதினது வேற பொருள்னா, நிலாக் கல்லோட ஆக்சிஜன் ஐசோடோப்புகள் பூமியோட இவ்வளவு ஒத்துப்போறது ஏன்? அதுக்குக் கல்லே கைக்கு வரணும். மண்ணை எடுத்துட்டு வர்ற சந்திரயான்-4-க்கு 2024 செப்டம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தாச்சு. 2025 ஜனவரியில இஸ்ரோ தலைவரா வந்தவர் வி. நாராயணன், மேலகாட்டுவிளைக்காரர். ஸ்கேன் முடிஞ்சது, இனி பயாப்ஸி.