சடங்கன்பாடி தரங்கம்பாடி ஆன கதை

தரங்கம்பாடிக்கு வருபவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் விளக்கம், ‘அலைகள் பாடும் ஊர்’ என்பது. சுற்றுலாக் கையேடுகளில் அது இருக்கிறது. கோட்டை வாசலில் வழிகாட்டிகள் சொல்கிறார்கள். தரங்கம் என்றால் அலை. பாடி என்றால் பாடுவது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரின் மிகப் பழைய கல்வெட்டில் அலையும் இல்லை, பாட்டும் இல்லை.

பூம்புகாருக்குத் தெற்கே, காரைக்காலுக்கு வடக்கே, காவிரிப் படுகை கடலைத் தொடும் கடைசி மணல் விளிம்பில் இருக்கிறது இந்தச் சிற்றூர். கரையில் மணல்மேடு, அதன் பின்னால் உப்பனாற்றின் உவர்நிலம், அதையும் தாண்டினால் நெல்வயல். கூப்பிடு தூரத்தில் உள்ள பொறையாறு சங்க நூலான நற்றிணையிலேயே பேர் பெற்ற ஊர். சற்று உள்ளே தில்லையாடி; தில்லை என்பது கழிமுகத்தில் வளரும் மரம். ஊர்ப் பெயர்களை மட்டும் வாசித்தாலே இந்த நிலத்தின் ஈரமும் உப்பும் தெரியும்.

கடலோரத்தில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அந்தக் காலத்துக் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்று அழைக்கிறது. குலசேகரன்பட்டினம் என்று இன்னொரு பெயரும் தருகிறது. வேதத்தின் ஆறு அங்கங்களைச் சேர்த்துச் சொல்லும் ‘சடங்கம்’ என்ற வடசொல்லிலிருந்து அமைந்த ஆட்பெயராகச் சடங்கன் இருக்கலாம். சுந்தரர் மணக்கவிருந்த பெண்ணின் தந்தைக்குச் சடங்கவி என்று பெயர் இருந்ததைப் பெரியபுராணம் படித்தவர்கள் அறிவார்கள். அப்படியானால் இந்த ஊர் ஒரு மனிதனின் பெயரால் வழங்கிய பாடி.

பாடி என்ற சொல்லில்தான் உண்மையான செல்வம் இருக்கிறது. ஆயர்கள் மாடுகளோடு தங்கிய இடம் ஆயர்பாடி. படை இறங்கிய இடம் பாடிவீடு. சோழர் கல்வெட்டுகளில் ஊர்க்காவலுக்காக வாங்கிய வரிக்குப் பாடிகாவல் என்று பெயர். முதலாம் இராசராசனின் வெற்றிப் பட்டியலில் வரும் கங்கபாடி, நுளம்பபாடி ஆகியவை பெரும் நாடுகள். மாட்டுத்தொழுவைச் சுற்றிய நாலு குடிசைக்கும், கன்னட தேசத்தின் ஒரு பெரும் பகுதிக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருந்திருக்கிறது. மக்கள் கூடித் தங்கும் இடம் என்பதே அதன் அடிப்பொருள். காட்பாடி, குறிஞ்சிப்பாடி, எடப்பாடி, சென்னைக்குள் கரைந்துபோன பாடி என்று இன்றும் அது நாடெங்கும் கிடக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அகப்பொருள் இலக்கணம் பாடியை முல்லை நிலத்து ஊராகவே வைக்கிறது. நெய்தல் நிலத்து ஊர்களுக்கு அது தரும் பெயர்கள் பாக்கமும் பட்டினமும். இலக்கணப்படி இந்தக் கடற்கரை ஊருக்குப் பொருந்துவது குலசேகரன்பட்டினம்தான். அரசனின் பெயரும் அதில் இருந்தது. என்றாலும் அந்தப் பெயர் நிற்கவில்லை. அதே போன்ற பெயர் தூத்துக்குடிக் கரையில் நிலைத்து, இன்று ராக்கெட் ஏவுதளத்தால் செய்தியில் அடிபடுகிறது. இங்கே மக்கள் வாயில் பாடி மட்டுமே தங்கியது. அரசாணையைவிடப் புழக்கம் வலியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று சோழமண்டலக் கரையில் கிடைப்பது அரிது.

அலைகள் பாடுவதாக மக்கள் நினைத்ததற்கும் நியாயம் இருக்கிறது. வானம்பாடி என்ற பறவைப் பெயரில் பாடி என்றால் பாடுவதுதான். அதே அமைப்பில் தரங்கம்பாடியையும் வாசித்தால் அலையில் பாடுவது என்று பொருள் வந்துவிடும். ஆனால் வானம்பாடிக்குப் பக்கத்தில் வாணியம்பாடியை வைத்துப் பாருங்கள். ஓசை ஒன்றுபோலவே இருக்கிறது. அங்கே யாரும் வாணியர் பாடுவதாகச் சொல்வதில்லை. தரங்கம்பாடி வாணியம்பாடியின் உறவு. வானம்பாடியின் உறவு அல்ல.

சடங்கன் எப்படித் தரங்கம் ஆனான்? கல்லில் வெட்டிய விளக்கம் எதுவும் இல்லை, ஊகிக்கத்தான் முடியும். சடங்கன் யார் என்பது மறந்துபோன பிறகு, அதே அளவும் அதே ‘ங்க’ ஓசையும் கொண்ட, கடற்கரைக்குப் பொருந்திய ஒரு சொல் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். பொருள் தெரியாத பெயருக்குப் பொருள் கற்பிப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. தெற்கே மறைக்காடு வேதாரண்யம் ஆனது. மேற்கே தேவாரத்தின் மயிலாடுதுறை மாயூரமாகி, மாயவரமாகி, 1982-இல்தான் பழைய பெயருக்குத் திரும்பியது. அங்கெல்லாம் சொல்லை மொழிபெயர்த்தார்கள். இங்கே ஓசையைத் தக்கவைத்துக்கொண்டு ஆளை மாற்றிவிட்டார்கள்.

அடுத்த மாற்றம் கடல் வழியாக வந்தது. கண்டி அரசனுக்குப் போர்த்துக்கீசியரை எதிர்க்கத் துணை செய்வதாகச் சொல்லி, 1618-இல் ஓவ கெத என்ற இளம் தளபதியின் கீழ் டேனிஷ் கப்பல்கள் புறப்பட்டன. இலங்கையில் காரியம் பலிக்கவில்லை. 1620 நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் ஏற்பட்டு, இந்த ஊர் டேனியர் கைக்கு வந்தது. நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் டென்மார்க்கின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கரையில் டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. ஊர் ‘டிராங்கேபார்’ ஆயிற்று, ஆங்கிலத்தில் ‘ட்ராங்குபார்’.

பாடி ‘பார்’ ஆனது காதின் கோளாறு. நாக்கை மடித்து ஒலிக்கும் நம் ‘ட’ ஐரோப்பியர் காதில் ‘ர’ ஆக விழும். கன்னடத்தை அவர்கள் ‘கனரா’ என்று எழுதியதும் இதே வழியில்தான். ‘தர’ என்பதன் நடுவிலுள்ள உயிர் தேய்ந்து ‘ட்ரா’ ஆனது. இப்படிக் கசங்கியும் பெயரின் எலும்பு மாறவில்லை. சடங்கனின் ‘ங்க’ ஓசை டேனிஷ் வாயிலும் ‘ங்கே’ என்று கேட்கிறது.

1706 ஜூலை 9-இல் ஜெர்மானிய லுத்தரன் மதபோதகர் பார்த்தலோமேயு சீகன்பால்கு வந்து இறங்கினார். 1713-இல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்து அச்சுகள் வந்தன. அடுத்த ஆண்டே நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் ‘அஞ்சு வேத பொத்தகம்’ என்ற பெயரில் அச்சாயின. அதன் இலத்தீன் முகப்பில் ஊர்ப்பெயர் ‘டிராங்குவேபாரியே’. ஐரோப்பியப் புலமை உலகத்துக்குள் இந்த ஊர் நுழைந்தது இப்படிப்பட்ட முகப்புப் பக்கங்கள் வழியாகத்தான்.

அச்சகம் இன்னொரு சொல்லையும் மண்ணில் விட்டுச் சென்றது. காகிதப் பற்றாக்குறை தீரப் பொறையாறு அருகே ஒரு காகித ஆலை அமைத்தார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பெயர். கடுதாசி போர்த்துக்கீசியத்திலிருந்து வந்த சொல், பட்டறை நம்முடையது, ஆலையை அமைத்தவர்களோ ஜெர்மானியர். ஆலை நெடுநாள் ஓடவில்லை. அதன் பெயருக்கு மட்டும் ஆயுள் கெட்டி.

பெயர் அறிவியலுக்குள்ளும் போயிற்று. லின்னேயஸின் மாணவரான யோகான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் மருத்துவராக இங்கு வந்து, செடிகொடிகளைத் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். இக்கரையிலிருந்து போன மாதிரிகளால் பல உயிர்களின் அறிவியல் பெயரில் ஊரின் பெயர் ஏறியது. செந்நிற உடலும் கழுத்தில் கறுப்பு வளையமும் கொண்ட ஒரு சிறு புறாவுக்கு 1804-இல் ‘டிராங்குவேபாரிகா’ என்ற சிற்றினப் பெயரைச் சூட்டினார்கள்; இன்று அது ‘ஸ்ட்ரெப்டோபீலியா டிராங்குவேபாரிகா’. சீனத்தில் இந்தப் புறாவைப் பார்த்துக் குறிப்பெழுதும் ஆய்வாளரும் தன்னை அறியாமல் ஒரு தமிழ்ப் பாடியின் பெயரை எழுதுகிறார்.

1845-இல் டேனியர் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றார்கள். ரயிலும் துறைமுகமும் நாகப்பட்டினத்தின் பக்கம் சாய்ந்ததும் வணிகம் போய்விட்டது. மயிலாடுதுறையிலிருந்து 1926-இல் வந்த ரயில் 1986-இல் நின்றது. பெயர் மட்டும் தன் போக்கில் நடந்தது: கோயம்புத்தூர் கோவையானது போலவே இது தரங்கை ஆயிற்று. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தலைவர் திருச்சியில் இருந்துகொண்டு தரங்கைப் பேராயர் என்று வழங்கப்படுகிறார். பாடி விழுந்துவிட்ட ஒரே வடிவம் இதுதான்.

இவ்வளவு பேர் வந்துபோன பெயரில் குறைவாகப் பேசப்படுபவர்கள் கரையிலேயே இருந்தவர்கள். வடக்கிலும் தெற்கிலும் மீனவர் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன: சின்னங்குடி, மாணிக்கப்பங்கு, வெள்ளக்கோயில், பெருமாள்பேட்டை, குட்டியாண்டியூர், சின்னூர்பேட்டை, சந்திரபாடி. குடி, பங்கு, பேட்டை, ஊர், பாடி என்று ஒவ்வொரு முடிவும் ஒரு குடியேற்றத்தின் சாட்சி. தரங்கம்பாடியைத் தனியாக எடுத்து அலைப்பாட்டு என்று விளக்கும்போது, இந்த வரிசையிலிருந்து அதைப் பிடுங்கிவிடுகிறோம். சந்திரபாடியோடு சேர்த்து வாசித்தால்தான் அது மக்கள் தங்கிய கரை என்பது புலப்படும்.

இந்தச் சான்றுகளுக்குக் காலம் அதிகம் இல்லை. டேனியர் கட்டிய மதிலின் கடலோரப் பகுதி அலையில் போய்விட்டது. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியையும் கடல் தின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு பல குடும்பங்கள் கரையை விட்டு உள்ளே புது வீடுகளுக்குப் போயின. பழைய தெரு, துறை, மேடு ஆகியவற்றின் பெயர்கள் வயதானவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. பொறையாற்றுக் கல்லூரியில் தமிழ் படிக்கும் மாணவர்கள் ஒரு விடுமுறையில் சந்திரபாடி முதல் சின்னங்குடி வரை நடந்து, அந்தப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். கோட்டை வாசலில் நிற்கும் விளக்கப் பலகையிலும் சடங்கன்பாடி என்ற பெயருக்கு ஒரு வரி இடம் கொடுக்க வேண்டும்.