டோபமைன் குறைந்தால் டோபமைன் கொடுத்தால் போதுமா? - எய்ட்ஸ் ஆராய்ச்சியில் ஒரு கதை

எய்ட்ஸ் என்றதும் எடை குறைவது, காய்ச்சல், காசநோய், நிமோனியா இதெல்லாம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது மூளையையும் தாக்கும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1981 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அபூர்வ நிமோனியா பற்றிய குறிப்பு வெளியானதிலிருந்துதான் இந்த நோயின் கதை தொடங்குகிறது. இரண்டே வருடத்தில், 1983ல், 50 நோயாளிகளின் நரம்புக் கோளாறுகளைப் பட்டியலிட்டு ஒரு ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது.

1986ல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் பிராட்ஃபோர்ட் நவியா, ரிச்சர்ட் பிரைஸ் ஆகியோர் எய்ட்ஸால் இறந்த 70 பேரைப் பற்றி எழுதினார்கள். அதில் 46 பேருக்கு சாவதற்கு முன் படிப்படியாக புத்தி மங்கியிருந்தது. மறதி மட்டும் இல்லை. நடை தள்ளாடியது, கை வேலைகள் மெதுவாகின, பேச்சும் யோசனையும் மந்தமாகின. முதுமையில் வரும் ஞாபகமறதியை விட பார்க்கின்சன் நோய்க்குத்தான் இது நெருக்கமாக இருந்தது. வைரஸ் அதிகம் சேதப்படுத்திய இடமும் பொருந்தி வந்தது. மூளையின் ஆழத்தில், அசைவுகளைக் கட்டுப்படுத்தும் பேசல் கேங்க்ளியா என்ற பகுதி அது. டோபமைன் அதிகம் புழங்கும் இடமும் அதுவே.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். டோபமைனின் கதைக்கு நம் நாட்டுத் தொடர்பு ஒன்று உண்டு. சர்ப்பகந்தா என்ற மூலிகை சித்தப்பிரமைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உதவுகிறது என்று 1931லேயே கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் போஸும் எழுதினார்கள். 1952ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அதிலிருந்து ரெசர்ப்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தது. (புகழ் யாருக்குப் போனது என்று கேட்காதீர்கள்!) 1957ல் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் அதே ரெசர்ப்பினை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் காது தொங்கி, அசையாமல் கிடந்தன. பிறகு டோபமைனாக மாறக்கூடிய எல்-டோபாவை ஊசி மூலம் செலுத்தினார். கால் மணி நேரத்துக்குள் முயல்கள் எழுந்து ஓடின.

இவ்வளவு தெளிவான சோதனையை, 1960ல் லண்டனில் நடந்த கூட்டத்தில் மூத்த விஞ்ஞானிகள் பலர் நம்ப மறுத்தார்கள். ஆனால் அதே ஆண்டு வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டினார். 1961ல் வால்தர் பிர்க்மேயர் நோயாளிகளுக்கு எல்-டோபா ஊசி போட்டார். படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள் நடந்தார்கள். கார்ல்சனுக்கு 2000ல் நோபல் பரிசு கிடைத்தது.

பற்று வரவு கணக்கு மாதிரி எளிமையான தர்க்கம் இது. எது குறைகிறதோ அதை வரவு வை, கணக்கு நேராகிவிடும். எய்ட்ஸ் ஆராய்ச்சியில் டோபமைன் நுழைந்தபோது இந்தத் தர்க்கமும் கூடவே நுழைந்தது.

ஆனால் முதல் எச்சரிக்கை மருந்து கொடுத்து வந்ததல்ல, கெடுத்து வந்தது. முற்றிய எய்ட்ஸ் நோயாளிகள் பலருக்கு டெலிரியம் வரும். நம் ஊரில் ஜன்னி கண்டு பிதற்றுவது என்பார்களே, அது. அதற்கு வழக்கமாகக் கொடுப்பது ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள். இவை டோபமைனின் வேலையைத் தடுப்பவை. மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் அளவைக் கொடுத்தாலே எய்ட்ஸ் நோயாளிகளின் உடல் விறைத்தது, கைகால் நடுங்கியது. 1991ல் வெளிவந்த ஒரு ஒப்பீட்டில், எய்ட்ஸ் இல்லாத மனநோயாளிகளை விட இவர்களுக்கு இந்தப் பக்கவிளைவு வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று தெரிந்தது. ஏற்கனவே காலியாகிக் கொண்டிருந்த பானையில் ஓட்டை போட்டது போல ஆகிவிட்டது. 1996ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் எய்ட்ஸால் இறந்தவர்களின் மூளையை அளந்து, டோபமைன் குறைந்திருப்பதை உறுதி செய்தார்கள்.

அப்படியானால் பிதற்றுகிற நோயாளிக்கு என்னதான் கொடுப்பது? இதற்கு வில்லியம் பிரைட்பார்ட் குழு செய்த ஆய்வு 1996ல் வந்தது. மருந்துகளை விட அதை நடத்திய விதம்தான் கவனிக்க வேண்டியது. பிதற்றும் மனிதரிடம் சம்மதம் வாங்குவது எப்படி? சுயநினைவு இல்லாதவரின் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? அதனால் நோயாளிகள் தெளிவாக இருக்கும்போதே 244 பேரிடம் சம்மதம் வாங்கி வைத்துவிட்டு, யாருக்கு ஜன்னி வருகிறது என்று கவனித்தார்கள். 30 பேருக்கு வந்தது. அவர்களை மூன்றாகப் பிரித்து ஹாலோபெரிடால், குளோர்புரோமசின், லோரசெபாம் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. லோரசெபாம் வாங்கிய ஆறு பேருக்கும் நிலைமை மோசமானதால் அந்தப் பிரிவை பாதியிலேயே நிறுத்தினார்கள். மற்ற இரண்டும், மிகக் குறைந்த அளவில், பெரிய பக்கவிளைவு இல்லாமல் பலன் தந்தன. டோபமைனைத் தடுக்கலாம், ஆனால் சொட்டுச் சொட்டாக என்பதே கிடைத்த விடை.

அடுத்தது, குறைந்ததை நிரப்பும் முயற்சி. அதே 1996ல், எச்.ஐ.வி. தொற்றால் உடல் விறைத்துப்போன சில குழந்தைகளுக்கு எல்-டோபா கொடுத்ததில் அசைவுகள் மேம்பட்டதாக ஒரு செய்தி வந்தது. கார்ல்சனின் முயல்களே திரும்ப எழுந்தது மாதிரி!

ஜெர்மனியில் இதைக் குரங்குகளில் சோதித்தார்கள். எச்.ஐ.வி.யின் உறவுக்கார வைரஸான எஸ்.ஐ.வி. தொற்றிய ரீசஸ் குரங்குகளுக்கு எல்-டோபாவும், டோபமைன் சிதையாமல் காக்கும் செலிஜிலினும் கொடுத்தார்கள். அந்தக் குழுவில் இருந்த பீட்டர் ரீடரர், வியன்னாவில் பிர்க்மேயருடன் வேலை செய்து பார்க்கின்சனுக்கு செலிஜிலினைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். வெற்றி பெற்ற மருந்துகளையே கையில் எடுத்தார்கள் என்று அர்த்தம். 2001ல் வெளியான முடிவு நேர் எதிராக இருந்தது. மருந்து வாங்கிய குரங்குகளின் மூளையில் வைரஸ் கூடியிருந்தது, சேதமும் கூடியிருந்தது.

காரணம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. மூளையில் எச்.ஐ.வி. பெரும்பாலும் குடியிருப்பது நரம்பு செல்களில் அல்ல. மேக்ரோஃபேஜ் போன்ற காவல் செல்களில்தான். அந்தச் செல்களிலும் டோபமைனை ஏற்கும் வாசல்கள் உண்டு. டோபமைன் பட்டால் மனித மேக்ரோஃபேஜ்களில் எச்.ஐ.வி. தொற்று அதிகரிக்கிறது என்று 2009ல் நியூயார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கொக்கைன், மெத்தாம்ஃபெட்டமைன் போன்ற போதைப்பொருட்கள் மூளையில் டோபமைனை ஏற்றிவிடுபவை என்பதால், போதைப் பழக்கம் உள்ள நோயாளிகளைப் பற்றிய கவலையும் இதோடு சேர்ந்துகொண்டது.

இதற்கிடையே மனிதர்களிடமும் செலிஜிலினை சோதித்தார்கள். தோலில் ஒட்டும் பட்டையாக, 128 பேருக்கு, 24 வாரம். 2007ல் முடிவு வந்தது. நினைவாற்றலிலும் சிந்தனை வேகத்திலும் வெற்றுப் பட்டை ஒட்டியவர்களை விட மேம்பாடு எதுவும் இல்லை. குரங்குகளில் நடந்த மாதிரி கெடுதலும் பெரிதாக இல்லை என்பதே ஆறுதல்.

கடைசியில் எய்ட்ஸ் நோயாளிகளின் புத்தி மங்கலைப் பெருமளவு குறைத்தது டோபமைன் மருந்து எதுவும் இல்லை. 1996ல் பரவலான கூட்டு மருந்து சிகிச்சை, அதாவது வைரஸையே அடக்கும் மூன்று மருந்துகளின் சேர்க்கை. அதற்குப் பிறகு கடுமையான டிமென்ஷியா அபூர்வமாகிவிட்டது. லேசான மறதியும் மந்தமும் மட்டும், ரத்தத்தில் வைரஸ் தென்படாத சிலரிடமும் தொடர்கின்றன. அவர்களின் மூளையில் டோபமைன் என்ன ஆகிறது என்ற ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை.