மடிக்கணினியோடு போன பேராசிரியர்

1985-இல் ரீகன் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது: ரகசியமல்லாத அடிப்படை ஆராய்ச்சிக்கு இயன்றவரை தடை கூடாது. தொழில்நுட்பம் சோவியத்துக்குக் கசியும் என்ற பயத்தின் கெடுபிடிகளைக் கண்ட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குச் சற்று ஆறுதல்.

ராணுவ ஒப்பந்த ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் அந்தக் குடை விரியவில்லை. டென்னசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ரீஸ் ராத், விமானப்படையின் நிதியில் ஆளில்லா விமானங்களுக்கான பிளாஸ்மா கருவிகளை ஆராய்ந்தார். சீன, ஈரானிய மாணவர்கள் இருவருக்கு அதன் தொழில்நுட்ப விவரங்கள் கிடைத்தன. ஒரு காகிதம்கூட எல்லை தாண்டாவிட்டாலும், வெளிநாட்டவருக்கு இத்தகைய விவரம் தருவதும் சட்டப்படி ஏற்றுமதிதான்! பல்கலைக்கழகத்தின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அதிகாரி எச்சரித்தும், 2006-இல் ஆய்வு விவரங்கள் இருந்த மடிக்கணினியோடு ராத் சீனா போய்வந்தார்.

உளவுக் குற்றச்சாட்டு அவர்மேல் இல்லை. ஆனாலும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை மீறியதற்காக 2008-இல் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. மறு ஆண்டு 4 ஆண்டுச் சிறைத்தண்டனை. 2011-இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது.